எழுதியவரே பொறுப்பு

கொஞ்சம் காலை நகத்திக்கிறீங்களா சார், சார்ஜரை மாட்டிக்கிறேன். பிளக் உங்க சீட்டுக்குக் கீழதான் இருக்கு. தேங்க்ஸ். அஞ்சு மணிக்குள்ள ஒரு மெயில் அனுப்பியாகணும், இந்த லேப்டாப் பாதி வழியில படுத்துடும். திருச்சி போறேன். மச்சான் வீடு கட்டியிருக்கான், நாளைக்கு கிரகப்பிரவேசம். வீட்டுக்காரி முந்தாநாளே போயிட்டா. நானும் லீவு போட்டுட்டுத்தான் கிளம்பினேன். லீவுன்னு பேருதான், ஆபீஸ் மடியிலயே உக்காந்திருக்கு.

நீங்க? அரியலூரா. சரி சரி. வெங்காய மண்டியா, கோயம்பேட்டுக்கு வந்துட்டுத் திரும்பறீங்களா. நல்ல தொழில் சார். சும்மா சொல்லல. உங்க தொழில்ல அழுகினா மூட்டையைப் பிரிச்சதுமே நாத்தம் அடிச்சுடும். எங்க தொழில்ல அப்படி இல்ல. எட்டுப் பேரு சுத்தி நிப்பாங்க. எட்டுப் பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இன்னையோட ஒன்பது நாள் ஆச்சு. ஒன்பது நாளா நான் ஒழுங்கா சாப்பிடல, மனுஷங்ககிட்ட ஒழுங்காப் பேசல. உங்ககிட்ட பேசறேன்னா, நீங்க எங்க ஆபீஸ் ஆள் இல்ல, அதனாலதான்.

இதோ பாருங்க, இதான் அந்த மெயில். மூணு பக்கம். எப்ப நடந்தது, எப்படி நடந்தது, எத்தனை பேருக்கு பாதிப்பு, எல்லாம் நிரப்பியாச்சு. கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க, ‘பொறுப்பானவர்’னு. அதுலயும் பேர் போட்டாச்சு. மரியசெல்வி. அந்தக் கட்டத்துல பேர் இருக்கறவங்க அடுத்த வாரம் வேலையில இருக்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் போட்டேன். அதுல யார் பேராவது வரணும் சார். அவ பேர் இல்லன்னா என் பேர். பதினெட்டு வருஷமா இந்த லைன்ல இருக்கேன். பையன் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிட்டு உக்காந்திருக்கான். நாப்பத்தாறு வயசுல என்னை எவன் சேத்துக்குவான், சொல்லுங்க.

இல்ல, நீங்க நினைக்கற மாதிரி நான் ஒண்ணும் அநியாயம் பண்ணல. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

வெளிநாட்டுல ஒரு மருந்துக் கம்பெனி, இங்கிலாந்துல. அங்க வயசானவங்க தனியா இருப்பாங்க, எந்த மாத்திரையை எப்பப் போடணும்னு ஞாபகம் இருக்காது. அதனால காலை, மதியம், ராத்திரின்னு தனித்தனியா பொட்டலம் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்கற கம்பெனி. யார் வீட்டுக்கு என்ன பொட்டலம்னு தினமும் ஒரு பட்டியல் போகணும். அந்தப் பட்டியலைப் போடற ப்ரோக்ராம் எங்களுது. அவங்க ஊர் நேரம் ராத்திரி ஒன்றரைக்கு அது தானா ஓடும். நமக்கு அப்ப காலையில ஏழு மணி. போன டிசம்பர்லதான் ஓட ஆரம்பிச்சது. நல்லாத்தான் ஓடிச்சு.

எட்டுப் பேர் டீம், நான் தலைமை. வேலை செய்யற முறைக்கு அஜைல்னு பேர். முன்னயெல்லாம் ஒரு வருஷ வேலையை வருஷக் கடைசியில கொண்டுபோய்க் காட்டுவோம். இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. தினம் காலையில பத்து மணிக்கு எல்லாரும் போர்டு முன்னாடி நிக்கணும். உக்காரக் கூடாது, உக்காந்தா கதை பேசுவாங்க. நேத்து என்ன பண்ணே, இன்னைக்கு என்ன பண்ணப் போறே, எதாவது தடை இருக்கா. மூணே கேள்வி, கால் மணி நேரம். கேக்க நல்லாத்தான் இருக்கும்.

போர்டுல மஞ்சச் சீட்டு ஒட்டினா அது வேலை. சிவப்புச் சீட்டு ஒட்டினா ரிஸ்க். ரிஸ்க்னா, இன்னும் நடக்கல, ஆனா நடந்தா மாட்டிக்குவோம். அதை முன்கூட்டியே கண்டுபிடிச்சு, எவ்வளவு பெருசு, எப்பக்குள்ள சரி பண்ணணும்னு எழுதி ஒட்டணும். டீமே சேர்ந்து பாத்துக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எல்லாரும் சேர்ந்து பாத்துக்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? யாரும் பாக்கறதில்ல.

நான் இந்த டீமுக்கு வந்த அன்னைக்கு போர்டுல முப்பத்தோரு சிவப்புச் சீட்டு. எண்ணிப் பாத்தேன். ஒருத்தன் எழுதியிருக்கான், ‘மழை பெஞ்சா சோழிங்கநல்லூர்ல தண்ணி நிக்கும், வர முடியாது.’ இதெல்லாம் ரிஸ்க்கா சார்? வாயில வந்ததை எழுதி ஒட்டிட்டு, நான் அப்பவே சொன்னேனேன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது. எங்க பெரியவர் ரங்கபாஷ்யம் சார் வந்து பாத்துட்டு, ‘என்னய்யா கதிரேசன், வேண்டுதல் மரம் மாதிரி தொங்கவிட்டிருக்கீங்க’ன்னு கேட்டார். எட்டுப் பேர் முன்னாடி கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாளே ஒரு ரூல் போட்டேன். யார் சிவப்புச் சீட்டு எழுதறாங்களோ, அவங்கதான் அதுக்கு ஓனர். அவங்களே சரி பண்ணணும். அவங்க வேலைக்கு மேல இதையும் பண்ணணும். முடியற வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரங்கபாஷ்யம் சார் மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு, ஏன் இன்னும் முடியலன்னு அவங்களே பதில் சொல்லணும். அவ்வளவுதான் ரூல். நியாயமான ரூல். சொல்றவனுக்குப் பொறுப்பு வேணுமா வேண்டாமா?

ரெண்டே வாரம் சார். முப்பத்தொண்ணு நாலாச்சு. அடுத்த ரெண்டு வாரத்துல ஒண்ணுமே இல்ல. சுத்தம். அந்த வருஷம் கம்பெனியில எனக்கு மேடையில கூப்பிட்டு சால்வை போட்டாங்க. ‘ரிஸ்க்கே இல்லாத டீம்’னு மத்த டீமுக்கெல்லாம் போய் வகுப்பு எடுத்தேன். எங்க டீம் காலி போர்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு. அப்புறம் காட்டறேன்.

நடுவுல தௌஃபீக்னு ஒரு பையன், டெவலப்பர், அதாவது ப்ரோக்ராம் எழுதறவன், கெட்டிக்காரன். அவன் ஒரு சீட்டு எழுதினான். ஏதோ ஒரு சர்வர் படுத்துட்டா அதுக்கு மாத்து இல்லன்னு. சரிப்பா, நீதான் ஓனர்னு சொன்னேன். மூணு சனிக்கிழமை வந்து உக்காந்து முடிச்சான். மூணாவது சனிக்கிழமை அவன் தங்கச்சி நிச்சயம். வாணியம்பாடிக்குப் போக முடியல. நான் போகாதேன்னு சொல்லலையே. முடிச்சுட்டுப் போன்னுதான் சொன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பையன்கிட்ட ஒரு பக்குவம் வந்துச்சு பாருங்க, தேவையில்லாம ஒரு வார்த்தை பேசமாட்டான்.

இப்ப இந்தப் பொண்ணுக்கு வரேன். மரியசெல்வி, தூத்துக்குடிப் பக்கம். டெஸ்டர். மத்தவங்க செஞ்சதுல தப்பு இருக்கான்னு பாக்கறது அவ வேலை. ஜனவரியில எங்க டீமுக்கு வந்தா. பிப்ரவரி கடைசியில, காலையில போர்டு முன்னாடி போய் நிக்கறேன், சுத்தமா இருந்த போர்டுல ஒரு சிவப்புச் சீட்டு. தௌஃபீக் சீட்டு போய் எட்டு மாசத்துக்கு அப்புறம் ஒரு சிவப்புச் சீட்டு.

‘என்னம்மா இது?’ன்னு கேட்டேன்.

‘சார், மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை அந்த ஊர்ல மணியை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க.’

‘யாரு?’

‘எல்லாரும் சார். ஊர் முழுக்க.’

எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன். நீங்களும் இப்ப சிரிக்கறீங்க பாருங்க. நிஜம் சார், அப்படி ஒரு வழக்கம் இருக்காம். குளிர்காலம் முடிஞ்சா வெளிச்சத்துக்காக மணியை முன்னாடி தள்ளுவாங்களாம், குளிர்காலம் வந்தா பின்னாடி இழுப்பாங்களாம். பிரதமர்ல இருந்து பால்காரர் வரைக்கும் எல்லாரும் மாத்திக்கணுமாம். நமக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்? அவ அக்கா அங்க நர்ஸா இருக்கா. வருஷத்துக்கு ரெண்டு தடவை அக்கா போன் பண்ற நேரம் மாறிடுமாம், அப்படித் தெரியுமாம்.

‘மாத்தினா மாத்திட்டுப் போகட்டும், நமக்கென்ன?’ன்னேன்.

‘அன்னைக்கு ஒரு மணி ஆனதும் நேரா ரெண்டு மணி ஆயிடும் சார். நடுவுல ஒன்றரைங்கறதே வராது. நம்ம ப்ரோக்ராம் ஒன்றரை ஆனாத்தான் ஓடும். அன்னைக்குப் பட்டியல் போகாது.’

புரிஞ்சுதா சார்? எனக்கு அப்பவே புரிஞ்சுது. நான் ஒண்ணும் மக்கு இல்ல. சரி, நல்ல விஷயம், நீதான் ஓனர், ரெண்டு வாரத்துல முடிச்சுடுன்னு சொன்னேன். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே. அதுக்கு அவ, ‘சார், நான் டெஸ்டர். ப்ரோக்ராமை மாத்த எனக்கு அனுமதி இல்ல. யாராவது அரை நாள் உக்காந்தாப் போதும்’னா. தௌஃபீக்கைப் பாத்து, ‘உனக்கு நேரம் இருக்கா’ன்னு கேட்டேன். கேட்டேன் சார், கேக்கலன்னு சொல்லிடக் கூடாது. அவன் சீட்டையே பாக்கல. ‘என் கை நிறைய வேலை இருக்கு சார்’னுட்டான். மத்தவங்களைப் பாத்தேன். ஒருத்தன் போனைப் பாக்கறான், ஒருத்தி துப்பட்டாவைச் சரி பண்றா. அரை நாள் வேலை. தொட்டா அவங்க தலையில விழுந்துடுமாம். இப்படி ஒரு சுயநலம். ஒரு டீம்னா ஒருத்தருக்கு ஒருத்தர் உதவி பண்ண வேண்டாமா? இந்தக் காலத்துப் பசங்ககிட்ட அது கிடையவே கிடையாது.

மூணு வாரம் அந்தச் சீட்டு அங்கயே இருந்துச்சு. மூணு வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னு பதில் சொன்னா. ரங்கபாஷ்யம் சார் கேப்பார், ‘ஏம்மா இன்னும் முடிக்கல?’ அவ, ‘எனக்கு ஒரு டெவலப்பர் வேணும் சார்’னு சொல்லுவா. அவர் என்னைப் பாப்பார். நான் என்ன பண்ண முடியும்? ‘பாத்துக்கறோம் சார்’னு சொல்லுவேன். மூணாவது வெள்ளிக்கிழமை அவர் கேக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னுட்டா. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சீட்டு எழுதச் சொல்லி நான் சொல்லலையே.

அதுக்கு அடுத்த வாரம், அங்க மணியை மாத்தறதுக்கு நாலு நாள் முன்னாடி, எங்க கிளையண்ட், அந்த மருந்துக் கம்பெனி ஆளுங்க, லண்டன்ல இருந்து வரப்போறாங்கன்னு சொன்னாங்க. ரிஸ்க் இல்லாத டீமைப் பாக்கணுமாம். மொத்தக் கம்பெனியும் தரையைத் துடைக்குது, பூந்தொட்டி வாங்கி வைக்குது. நான் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன். மரியாதையாத்தான் பேசினேன்.

‘செல்வி, நாளைக்கு அவங்க வரும்போது இது இங்க இருந்தா, நீதான் அவங்களுக்கு விளக்கணும்.’

‘விளக்கறேன் சார்’னா.

பாத்தீங்களா திமிரை. விளக்குவாளாம். உங்க ஊர் மணியை எங்களுக்குப் பாக்கத் தெரியலன்னு அவங்ககிட்டயே போய்ச் சொல்லப் போறாளாம். ‘விளக்கிட்டு? அப்புறம் நம்ம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போர்டு சுத்தமா இருக்கணும்மா’ன்னேன்.

‘சரி பண்ணாம எப்படி சார் எடுக்கறது?’

‘எடுன்னு நான் சொல்லல. சுத்தமா இருக்கணும்னு சொன்னேன்.’

அன்னைக்கு சாயங்காலம் எடுத்துட்டா. கம்ப்யூட்டர்லயும் ‘முடிந்தது’ன்னு போட்டுட்டா. யாரோட பேர்ல இருக்கு? அவ பேர்ல. தேதி, மணி எல்லாம் பதிவாயிருக்கு, இந்த மெயில்ல ரெண்டாவது பக்கத்துல அதைத்தான் ஒட்டியிருக்கேன். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? முடிக்காததை முடிஞ்சதுன்னு போடலாமா? நான் போடச் சொல்லலையே சார்.

அதோட விட்டாளா? வெள்ளிக்கிழமை வந்து, ‘சார், ஞாயித்துக்கிழமை காலையில நான் ஆபீஸ் வரட்டுமா, பட்டியல் ஓடலன்னா கையாலயே ஓட்டி விட்டுடறேன், அதுக்கு எனக்கு அனுமதி இருக்கு’ன்னு கேட்டா. ஞாயித்துக்கிழமை வரணும்னா அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. காரணம் போடணும். என்ன காரணம்னு போடறது? ரிஸ்க்னு போட்டா, நேத்துதான் ரிஸ்க்கே இல்லன்னு லண்டன்காரங்களுக்குக் காட்டியிருக்கோம். கையெழுத்துப் போட முடியாதும்மா, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது, நிம்மதியா கோயிலுக்குப் போயிட்டு வான்னு அனுப்பினேன். நல்ல மனசோடதான் சொன்னேன். அவ போறது சர்ச்சுக்குன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு நான் மேடவாக்கத்துல மீன் வாங்கிட்டிருந்தேன். வஞ்சிரம். ஒண்ணுமே நடக்கல சார். அதான் கொடுமை. ஒரு எச்சரிக்கை வரல, ஒரு அலாரம் அடிக்கல. ஓடாத ப்ரோக்ராம் எப்படிக் கத்தும்? பட்டியலே போகல. அங்க பொட்டலம் போடற இடத்துல ரெண்டு பேரு, ஞாயித்துக்கிழமை இல்லையா, இன்னைக்கு ஆர்டர் இல்ல போலன்னு அவங்களும் வீட்டுக்குப் போயிட்டாங்க. திங்கக்கிழமை வண்டி கிளம்பணும்னு பாத்தா ஏத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆயிரத்து இருநூறு வீடு சார்.

பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகல. பழைய பொட்டலம் மிச்சம் இருந்திருக்கு. ஒரு பெரியவர், ஆர்தர்னு பேர், எம்பத்தோரு வயசு, வலிப்பு மாத்திரை சாப்பிடறவர். ஒன்றரை நாள் மாத்திரை இல்லாம சமையலறையில விழுந்து கிடந்திருக்கார். பக்கத்து வீட்டுக்காரங்க பாத்து ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. உயிரோட இருக்கார், கவலைப்படாதீங்க. ஆனா அந்தக் கிளையண்ட் என்ன பண்ணான் தெரியுமா? அவர் படுத்திருக்கற போட்டோவை மெயில்ல அனுப்பினான். நெத்தியில தையல். எனக்கு எதுக்கு சார் அதை அனுப்பணும்? எனக்கு மனசு இல்லையா? பாக்க முடியல என்னால. அன்னைக்கு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். எங்கப்பாவுக்கும் எழுபத்தெட்டு ஆகுது.

செவ்வாய்க்கிழமை காலையில போர்டு முன்னாடி எட்டுப் பேரையும் நிக்க வெச்சேன். ‘ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?’ இதான் நான் கேட்டது. திரும்பக் கேட்டேன், கத்தியே கேட்டேன். கால் மணி நேரம் சார், எட்டுப் பேரும் சும்மா நின்னாங்க. அப்புறம் மணி ஆச்சுன்னு அவங்கவங்க சீட்டுக்குப் போயிட்டாங்க. வெறும் எட்டு முதுகைப் பாத்துக்கிட்டு நின்னேன். எவ்வளவு செஞ்சிருக்கேன் இவங்களுக்கு. பிறந்தநாளுக்கெல்லாம் கேக் வாங்கியிருக்கேன்.

என்ன கேட்டீங்க? அந்தப் பொண்ணு சொல்லிச்சேன்னா? சார், அவ எழுதினா. சீட்டு எழுதி ஒட்டறது வேற, மனுஷன்கிட்ட வந்து, சார், இது நடந்தா ஒருத்தர் செத்துப் போயிடுவார்னு அடிச்சுச் சொல்றது வேற. அப்படிச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? மூணு வெள்ளிக்கிழமை சொன்னான்னா, அது மீட்டிங்ல சொன்னது. ஞாயித்துக்கிழமை வரேன்னு கேட்டது, அது அனுமதி கேட்டது. சொன்னதாகாது. நீங்க வியாபாரி, உங்களுக்கு இந்த வித்தியாசம் புரியாது.

விருத்தாசலம் வந்துடுச்சு போல. மணி என்ன, நாலு இருபத்தஞ்சா. இருங்க சார், போன் வருது.

பாருங்க, அவதான். மரியசெல்வி. கெஞ்சப் போறா. எடுக்கவா வேண்டாமா? எடுத்துத்தான் பாப்போமே. கொஞ்சம் இருங்க.

சொல்லும்மா. ம். ம். ட்ரெயின்ல இருக்கேன், சத்தமாப் பேசு. என்னது? அக்டோபரா? ம். ரெண்டு தடவையா. ம். சரி. சரிம்மா, புரியுது. உன் லாகினை எப்பக் கட் பண்ணாங்க? ம். நான் பாக்கறேன். வெச்சுடு.

கெஞ்சவே இல்ல சார். என் பேரைப் போட்டுக்கோங்கன்னா. ஹெச்.ஆர்.ல கூப்பிட்டுக் கேட்டாங்களாம், முடிந்ததுன்னு போட்டது நான்தான்னு ஒத்துக்கிட்டாளாம். அதுக்காகப் போன் பண்ணலையாம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை மணியைப் பின்னாடி இழுப்பாங்க இல்லையா, அன்னைக்கு ரெண்டு மணி ஆனதும் திரும்ப ஒரு மணி ஆயிடுமாம். அப்ப ஒன்றரை ரெண்டு தடவை வரும். பட்டியல் ரெண்டு தடவை ஓடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு ரெண்டு பொட்டலம் போகும். தௌஃபீக் இப்ப மார்ச்சுக்கு மட்டும்தான் ஒட்டுப் போட்டிருக்கான், அக்டோபரைத் தொடலயாம். ‘வராத மாத்திரையை அடுத்த நாள் குடுத்துடலாம் சார், ரெண்டு மடங்கு போட்டுக்கிட்டா திரும்ப எடுக்க முடியாது, ஆர்தர் மாதிரி ஆளுங்க வந்ததை அப்படியே போட்டுக்குவாங்க’ங்கறா. இன்னைக்குக் காலையிலயே அவ லாகினைக் கட் பண்ணிட்டாங்க, அவளால எங்கயும் எழுத முடியாது. அதனால ரிப்போர்ட்ல நீங்க எழுதிடுங்க சார்னு சொல்றா. வேற யாரும் எழுத மாட்டாங்களாம், நல்லாத் தெரியுமாம்.

போகும்போதும் என் கழுத்துல ஒண்ணைக் கட்டிட்டுப் போறா பாத்தீங்களா.

எழுதிடுங்கன்னு சுலபமாச் சொல்றீங்க. எழுதினா என்ன ஆகும் தெரியுமா? முதல்ல, எழுதினது நான். அப்ப ஓனர் நான். என் ரூல், நானே மீற முடியுமா? அக்டோபர் வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும். எனக்கு எந்த டெவலப்பர் வருவான்? அதுகூடப் பரவால்ல. இந்த மூணு பக்கத்துல நான் என்ன எழுதியிருக்கேன்? அந்தப் பொண்ணுக்கு விஷயமே சரியாப் புரியல, அலட்சியமா முடிந்ததுன்னு போட்டுட்டான்னு எழுதியிருக்கேன். கீழயே, அக்டோபரைப் பத்தி அவதான் சொன்னான்னு எழுதினா ரங்கபாஷ்யம் சார் என்ன கேப்பார்? இவ்வளவு தெளிவாத் தெரிஞ்ச பொண்ணு மார்ச்சை எப்படிய்யா விட்டான்னு கேப்பார். நானே கண்டுபிடிச்சேன்னு எழுதினா, எப்ப கண்டுபிடிச்சேன்னு கேப்பார். ஒண்ணு இது இருக்கணும், இல்ல அது இருக்கணும். ரெண்டும் ஒரே மெயில்ல நிக்காது சார்.

அந்த ஆர்தர் பெரியவரா? எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க ஞாபகப்படுத்த வேண்டியதில்ல.

அக்டோபருக்கு ஏழு மாசம் கிடக்கு. அதுக்குள்ள நான் இந்த ப்ராஜெக்ட்லயே இருக்கப் போறதில்ல. ரங்கபாஷ்யம் சார் வாயாலயே சொல்லிட்டார், இந்த ரிப்போர்ட் ஒழுங்கா முடிஞ்சா ஜூன்ல வேற டீம். புதுசா வர்றவன் பாத்துக்கட்டும். அவனும் சம்பளம் வாங்கறவன்தானே, நாலு விஷயம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்க மாட்டானா? எனக்கு மட்டும் யார் வந்து சொல்லிக் குடுத்தாங்க?

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க. நீங்க வெங்காயத்தை மட்டும் பாருங்க, இதுல உங்களுக்கு என்ன தெரியும். என் இடத்துல இருந்தா நீங்களும் இதைத்தான் பண்ணுவீங்க. எவனும் இதைத்தான் பண்ணுவான். நான் ஏதோ கொலை பண்ற மாதிரி பாக்கறீங்க. ஒரு வரி எழுதாம விடறேன், அவ்வளவுதான். எழுதாம இருக்கறது தப்புன்னா அந்த எட்டுப் பேரையும் தூக்கில போடணும்.

மணி நாலு அம்பது. சிக்னல் இருக்கும்போதே முடிச்சுடறேன். அனுப்பியாச்சு. போயிடுச்சு பாருங்க, ‘அனுப்பப்பட்டது’ன்னு வந்துடுச்சு.

அப்பாடா. ஒன்பது நாள் பாரம் சார். திருச்சியில போய் மனுஷனா ஒரு வாய் சாப்பிடலாம்.

ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்த அக்டோபர் விஷயம் நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். போன் வந்தது, அவ பேசினது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. நீங்க யார்கிட்ட சொல்லப் போறீங்க, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நானும் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல.

என்ன சார், பையை எடுத்துட்டீங்க? அரியலூருக்கு இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல இருக்கு. உக்காருங்க. எதுக்குக் கதவுகிட்டப் போய் நிக்கறீங்க, சார்.